நாரும் பிசினும்

பிளாஸ்டிக்கு என்றவுடன் நம் மாணாக்கர் எண்ணெய்க் கிணற்றை நினைப்பரேயன்றிப் பருத்தியையும் ஆளிச்செடியையும் நினையார். ஆயினும் செடியின் நாரைத் துணையாகக் கொண்டே பிளாஸ்டிக்கு உறுதி பெற்றது என்பதை அதன் வரலாறு காட்டும்.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்டு என்பார் 1907ஆம் ஆண்டு பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து ஒரு பிசினை ஆக்கினார். சூட்டினால் ஒருமுறை இறுகிவிட்டால் அது மீண்டும் உருகாது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆனால் தனித்து நின்றால் பீங்கான்போல் நொறுங்கும். மரத்தூளைக் கலந்தனர், ஓரளவு பயன் கண்டனர். பின்னர்ப் பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்து அழுத்த, பற்சக்கரமும் செய்யத்தக்க உறுதி வந்தது.

இதற்குக் காரணம் என்ன? தனிப் பிசினில் தோன்றிய விரிசல் தடையின்றி ஓடும். குறுக்கே நார் கிடந்தால் விரிசல் அதனை அறுத்தாக வேண்டும். அன்றேல் பிசினிலிருந்து உருவியாக வேண்டும். இரண்டிற்கும் ஆற்றல் செலவாகிறது. நாருக்கும் பிசினுக்கும் உள்ள பிடி தளர்ந்தால் பொருள் இழுவிசையைத் தாங்காது; அளவுக்கு மிஞ்சி இறுகினாலோ விரிசல் நாரையும் ஊடறுத்து நேரே சென்றுவிடும். ஆகவே இழுவலிமை வேறு, அடியைத் தாங்கும் வலிமை வேறு என்பதை ஆசிரியர் பிரித்துணர்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1934இல் டக்ஸ்போர்டு என்னும் ஊரில் ஆய்வுக்கூடம் நிறுவிய நார்மன் டி புருயின், ஆளிநாரைப் பீனாற் பிசினில் ஊட்டி அழுத்தி, 'கார்டன் ஏரோலைட்' எனும் பொருளை உருவாக்கினார். அலுமினியம் தட்டுப்படுமோ என்று போர்க்காலத்தில் அஞ்சி, ஸ்பிட்பயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்றையே இதனால் செய்து பார்த்தனர். அஞ்சிய தட்டுப்பாடு அவ்வளவில் நேராமையால் அது உற்பத்திக்கு வரவில்லை.

ஹென்றி ஃபோர்டு கோடரியால் காரை ஓங்கி அடிக்கும் 1940ஆம் ஆண்டுப் படம் புகழ்பெற்றது. சோயாக் காரின் வலிமைக்கு அதனைச் சான்று காட்டுவோர் பலர். அது சோயாக் கார் அன்று. பின்மூடியில் மட்டும் பிளாஸ்டிக்குத் தகடு பொருத்திய அவருடைய சொந்தக் கார். கோடரியின் கூர்முனைக்கு இரப்பர் உறையும் இட்டிருந்தனர்! சோயாக் கார் 1941 ஆகஸ்டு 13 அன்றுதான் காட்சிக்கு வந்தது. அதன் தகடுகளில் சேர்ந்த பொருள்கள் இன்னவென்று உறுதிசெய்யும் பதிவும் இன்றில்லை. வேடிக்கைக்கு அடிப்பது சோதனையாகாது. 1901இல் ஷார்ப்பி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் விளக்கிய முறையே சோதனை: ஊசற்சம்மட்டி விழுந்து, வெட்டுவாய் இட்ட துண்டை முறித்து, மறுபுறம் எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளப்பர். எழாமற் குறைந்த உயரமே பொருள் உண்ட ஆற்றலைக் காட்டும்.

இனி, மிகுந்த ஏளனத்துக்கு ஆளான டிராபன்டு காரைப் பார்ப்போம். மேலை நாடுகளின் வாணிபத் தடையால் கிழக்கு ஜெர்மனிக்குக் கார் செய்யத்தக்க எஃகுத் தகடு அரிதாயிற்று. பீனாற் பிசின் உள்நாட்டு இரசாயனத் தொழிலிலே கிடைத்தது. கழிவுப் பருத்தி சோவியத்து நாட்டிலிருந்து வந்தது. இரண்டையும் சூட்டோடு அழுத்தி 'டூரோபிளாஸ்ட்' தகடு செய்தனர். 1957 முதல் 1991 ஏப்ரல் 30 வரை சுவிக்காவு நகரில் ஏறத்தாழ 30 இலட்சம் கார்கள் உருவாயின.

அதனை 'அட்டைக் கார்' என்று எள்ளினர். இஃது அநீதி என்பேன். தகட்டில் இருந்தது காகிதமன்று, பருத்தி, அது துருப்பிடியாது. தவிரவும், காரின் பாரத்தைச் சுமந்தது உள்ளே இருந்த எஃகுக் கூடு. மோதலில் அக்கார் காட்டிய குறைக்குத் தகட்டை மட்டும் பழித்தல் தகாது. உண்மையான குறைகள் வேறு. எஃகுத் தகடு அச்சில் ஓரழுத்தில் உருப்பெறும். இதுவோ பிசின் இறுகும்வரை அச்சினுள்ளேயே கிடக்க வேண்டும். வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததற்கு இத்தாமதமும் ஒரு காரணம். கார்கள் கழிக்கப்பட்ட பின்னர் மற்றொரு தொல்லை எழுந்தது: இறுகிய பிசினை உருக்கி மறுபடி வார்க்க இயலாது, எரித்தால் நச்சுப்புகை.

1990களில் ஜெர்மானியக் கார்களில் ஆளிநாரும் கற்றாழை இனத்துச் சிசல் நாரும் மீண்டும் இடம்பெற்றன. 2013இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 காரில் புளிச்சைநார் சேர்ந்தது. ஆனால் இவை பெரும்பாலும் கதவின் உட்பக்கத்துக்கே சென்றன. செடிநார் நீரை உறிஞ்சிப் பருக்கும், உலரும்போது சுருங்கும், அவ்வாறு மாறிமாறி நிகழ்ந்தால் பிசினின் பிடி நழுவிவிடும்.