கைபரில் சிந்திய இரத்தமும் 357-ஏ பிரிவும்

புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தோர்க்கு நினைவில் எழுவது 1780 செப்டம்பர் 10-ஆம் நாள். ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இம்மண்ணில் முறியடித்த நாள் அது. அவ்வெற்றியை நாம் பெருமிதத்துடன் பேசுகின்றோம். அடுத்த ஆண்டுப் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு இங்கே நினைவுத்தூண்கள் நிற்கின்றன. ஆனால் அப்போர்க்காலத்தில் ஹைதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமையில் எரித்த ஊர்களின் குடியானவர்களுக்கு நடுகல்லும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. வென்றவர் நம்மவர் என்பதற்காக இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பிறர் பொருளைக் கவர்ந்தவன் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்கின்றது. கவர்ந்தவனுக்கு விதி உண்டு. பொருளைப் பறிகொடுத்தவன் என்ன ஆனான் என்பதற்கு அங்கே விடையில்லை. எந்நாட்டு வரலாற்றிலும் பெரும்பாலும் இதே நிலைதான். குற்றவாளியைப் பற்றியே ஏடுகள் பேசும்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியை மதரஸாவில் நாம் கஸாமா பாடத்தில் ஓதுகின்றோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கைபருக்குச் சென்ற இடத்தில் கொலையுண்டு கிடந்தார். கொன்றவர் யாரெனத் தெரியவில்லை. அவருடைய சகோதரர் அப்துர் ரஹ்மானும் உறவினர் இருவரும் மதீனா வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். ஐம்பது சத்தியம் செய்து குற்றவாளியைச் சுட்டுங்கள் என்றபோது, நாங்கள் காணாததற்கு எவ்வாறு சத்தியம் செய்வோம் என்றனர். எதிர்த்தரப்பு யூதர்களின் சத்தியத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. இன்றைய மொழியில் சொன்னால், துப்புத் துலங்காத வழக்கு. அத்துடன் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் ஒருவருடைய இரத்தம் வீணே போவதை அண்ணலார் விரும்பவில்லை. நூறு ஒட்டகங்களைத் தாமே தியத்தாக வழங்கினார்கள். அவை ஸதக்கா ஒட்டகங்கள் என மற்றோர் அறிவிப்புக் கூறும். அறிவிப்பாளர் ஸஹ்ல் இப்னு அபீ ஹஸ்மா (ரலி), அவற்றுள் ஒன்று தம்மை உதைத்ததையும் மறவாமல் சொல்கின்றார். ஒட்டகங்கள் உண்மையாகவே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேறென்ன!

கும்பினி ஆட்சியில் சென்னை மாகாண நீதிமன்றங்களில் இஸ்லாமியக் குற்றவியல் சட்டம், பல திருத்தங்களுடன், 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. அத்திருத்தங்களுள் கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு இருந்த உரிமையும் பறிபோயிற்று. பணம் படைத்தவன் கொலைப்பழியிலிருந்து நழுவுகின்றான் என்று அதற்குக் காரணம் காட்டினர். அக்காரணத்தை முழுவதும் பொய்யென்று நாம் தள்ளமாட்டோம். ஆயினும் விளைவு ஒன்றே: பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சியாகச் சுருங்கினார்.

பின்னர் உலகம் மெல்லத் திரும்பியது. 1963-இல் நியூசிலாந்து அரசே இழப்பீடு தரும் சட்டத்தை இயற்றியது. 1985-இல் ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டோர் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. தமிழ்நாடு 1995-இலேயே பாதிக்கப்பட்டோர் உதவி நிதியை ஏற்படுத்தியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 357-ஏ பிரிவு, குற்றவாளி யாரெனத் தெரியாவிடினும், விசாரணையே நடவாவிடினும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம் என்றது. கைபர் வழக்கை ஓதியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. தமிழ்நாட்டின் இழப்பீட்டுத் திட்டம் 2013-இல் வந்தது. இன்று அப்பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396-ஆம் பிரிவாக உள்ளது.

சட்டம் வந்தது, ஒட்டகம் வாசலுக்கு வந்ததா? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; பெண்கள் பதினெண்மர் வன்புணர்வுக்கு ஆளாயினர்; பாதிக்கப்பட்டவர்களே சிறைக்கு அனுப்பப்பட்டனர். புகார் கொடுக்கவேண்டிய நிலையத்தின் சீருடையே குற்றம் செய்த சீருடையாக இருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? மலைவாழ் மக்கள் சங்கமும் பொதுவுடைமை இயக்கத்தவரும் துணைநின்றதால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களுள் 54 பேர் இடையிலேயே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முப்பத்தோர் ஆண்டுகள்! கூட நடந்துசெல்ல ஓர் அமைப்பு இருந்தவர்களுக்கே இத்தனை காலம்.

நம் சிற்றூர்களில் அத்துணை இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஒருமுறை சென்றுவர ஒருநாள் கூலி போகும். அதைவிடப் பெருந்தடை அச்சமும் வெட்கமும். பணம் வாங்கினால் வழக்கு முடிந்துவிடும் என்றும் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இது எதிராளியிடம் பெறும் சமரசத் தொகையன்று. அரசு நிதியிலிருந்து வருவது. வழக்கு தன் வழியே நடக்கும். ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்வோம் என்று பாதிக்கப்பட்ட பெண்ணின் வாயை அடைப்போரும் நம்மிடையே உளர். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நம் சொந்தங்களுக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லப் பணிக்கின்றது என்பதை அவர்களும் ஓதியே இருக்கின்றனர்.

ஜும்ஆவுக்குப் பின் இமாமோ முத்தவல்லியோ சொல்ல வேண்டியவை அதிகமில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. வன்புணர்வுக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவர்க்குத் தனியார் மருத்துவமனையும் இலவச முதற்சிகிச்சை தந்தாக வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்தின் மீதான விசாரணை இரண்டு மாதங்களில் முடிய வேண்டும். இடைக்கால உதவியும் கேட்கலாம். சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தொழுகை நேரம் எழுதும் பலகையின் ஓரத்தில் இம்மூன்று எண்களுக்கும் இடம் இருக்கின்றது. பெண்கள் மதரஸாவின் வாசலிலும் அவற்றை எழுதிவைக்க வேண்டும், பள்ளிவாசல் பலகை அவர்கள் கண்ணில் படுவதில்லை.