கட்லெட்டும் கட்சுவும்: ஒரு பன்றிக்கறிக் குறிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் டொன்கட்சு செய்தேன். பன்றிக்கறியை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிக்கிற ஜப்பான் பண்டம். பெயர்தான் புதுசு. செய்து பார்த்தால் நம்ம டீக்கடை கட்லெட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று தெரியும்.

கறி வாங்கப் போனதிலிருந்தே கதை ஆரம்பம். ஆட்டுக்கறிக் கடையும் கோழிக்கறிக் கடையும் கடைத்தெருவில் போர்டு வைத்து நடக்கின்றன. பன்றிக்கறிக்கு ஊர் ஓரம் போகணும். போர்டு கிடையாது. ஞாயிறு காலையில் மட்டும் ஒரு மரக்கட்டை, ஒரு கத்தி, ஒரு தராசு. கடைக்கார அண்ணன் கறுப்பு கவரை ரெண்டாகப் போட்டுக் கட்டியபடி, "மூலத்துக்கா தம்பி?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தச் சட்டிய தனியா வச்சிரு."

மருந்து, தனிச்சட்டி. இந்த ரெண்டும் ஜப்பானிலும் இருந்தன என்பதுதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

கி.பி. 675இல் தென்மு என்ற ஜப்பானியப் பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் கறியையும் வருஷத்தில் சில மாதங்களுக்குத் தடை செய்தார். அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றி இல்லை. ஆனாலும் பௌத்தத்தின் செல்வாக்கு வளர வளர, நாலுகால் பிராணிகளின் கறி எல்லாமே தீட்டு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அதற்காகச் சாப்பிடாமல் இருந்தார்களா என்றால், இல்லை. எடோ காலத்தில் காட்டுப்பன்றிக் கறியை 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். திமிங்கிலம் மீன் கணக்கில் வந்துவிடும், பாருங்கள். கறி தின்பதற்கு 'மருந்து உண்பது' என்றே ஒரு சொல் இருந்தது. வீட்டுச் சாமி மாடத்தைக் காகிதம் ஒட்டி மூடிவிட்டு, வெளியே சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்களும் உண்டு.

நாமும் 'பன்னிக்கறி' என்று சொல்லக் கூச்சப்பட்டு 'போர்க்' என்கிறோம். மலைத் திமிங்கிலத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்ட செய்தி வெளியே வந்தது. மேற்கு நாடுகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற அரசு, கறி உண்பதையும் நாகரிகத்தின் அடையாளமாக்கியது. தோக்கியோவின் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கிய ரெங்காடெய் என்ற உணவகம், 1899இல் பன்றிக்கறி கட்லெட்டைக் கொண்டுவந்தது. வெண்ணெயில் வாட்டுவதை விட்டுவிட்டு, தெம்புரா மாதிரி எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரித்தார்கள். 1904இல் ரஷ்யப் போர் வந்து சமையல் ஆட்கள் படைக்குப் போய்விட்டதால், வேகவைத்த காய்கறிக்குப் பதில் பச்சைக் கோஸைச் சீவி வைத்தார்கள் என்று சொல்வார்கள். அது இன்றுவரை தொடர்கிறது. 'கட்லெட்' ஜப்பானிய நாக்கில் 'கட்சுரெட்சு' ஆகி 'கட்சு' என்று சுருங்கியது. 'டொன்' என்றால் பன்றி.

அதே சொல் நம்மிடமும் வந்தது. பிரெஞ்சில் விலா எலும்போடு வெட்டின கறித்துண்டுக்குப் பெயர். நம்ம ரயிலில் ஏறியபோது உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் ஆகிவிட்டது! ரொட்டித்தூள் மட்டும் மிச்சம். அந்தத் தூளுக்கு ஜப்பானில் 'பான்கோ' என்று பெயர். 'பான்' போர்த்துக்கீசியச் சொல். யாழ்ப்பாணத்தார் ரொட்டியைப் 'பாண்' என்பதும் அதே சொல்தான்.

கள்ளக்குறிச்சியில் பான்கோ கிடைக்காது. முந்தின நாள் பிரெட்டின் ஓரத்தை வெட்டி, கேரட் துருவியில் பெரிசாகத் துருவி, கொஞ்சம் உலர்த்தினால் போதும். ரஸ்க் தூள் வேண்டாம், ரொம்ப நைசு. முதுகுக்கறியை விரல் கனத்துக்கு வெட்டி, கொழுப்பு ஓரத்தில் நாலைந்து இடம் கீறணும். இல்லாவிட்டால் பொரியும்போது சுருண்டுகொள்ளும். உப்பு, மிளகு, பிறகு மைதா, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசை. மிதமான சூட்டில் பொரித்து, உள்ளே நன்றாக வெந்ததா என்று வெட்டிப் பார்க்கணும். சிவப்பு தெரியக் கூடாது.

பன்றி நமக்கு அந்நியமா? கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், தினைப்புனத்தைக் காக்கப் பன்றிக்கு வைத்த கல்பொறிகளைச் சொல்கிறது. வழியில் செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் மூங்கில் தீயில் வாட்டித் தின்னுங்கள் என்று கூத்தருக்கு வழியும் சொல்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஆண்பன்றியைக் குழியில் அடைத்து, அரிசிமாவு ஊட்டிப் பல நாள் கொழுக்க வைத்த கறியைப் பாணருக்குக் கள்ளோடு கொடுக்கிறார்கள். விருந்துக் கறி அது. பயிரைக் காக்கப் பன்றியைக் குத்திச் செத்தவனுக்கு நட்ட 'பன்றிக்குத்திப்பட்டான்' கற்கள் திருவண்ணாமலை, தர்மபுரி பக்கமெல்லாம் கிடைக்கின்றன. குத்தினவன் வீரன். இன்றைக்கு அறுத்து விற்கிறவருக்கோ ஊர் ஓரம்.

ஜப்பான் மாதிரி நாமும் மாறிவிட்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பேரரசர் கறி சாப்பிட்ட சேதி வருவதற்கு முந்தின வருஷம், 1871இல், தோல், இறைச்சித் தொழில்களில் தள்ளப்பட்டிருந்த மக்களின் தாழ்ந்த நிலையைச் சட்டப்படி ஒழித்தார்கள். கறி அரை நூற்றாண்டில் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. அந்த மக்களோ 1922இல் சுய்ஹெய்ஷா என்ற சங்கம் கட்டி மரியாதைக்காகப் போராட வேண்டியிருந்தது. கல்யாணத்திலும் வேலையிலும் பாகுபாடு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ரொட்டித்தூள் கறியின் தீட்டைத்தான் மூடியது. அறுத்த கையின் மேல் ஏற்றிய தீட்டு அப்படியே நின்றது.

அடுத்த ஞாயிறு ரெண்டு துண்டு பொரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தார். "கட்லெட்டு மாதிரி இருக்கே தம்பி. நம்ம கறியா இது?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு துண்டை வீட்டுக்காரம்மாவுக்கு என்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

சட்டி எங்கள் வீட்டில் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.