பால்வீதித் தட்டின் வரலாறும் சந்திரசேகரின் உராய்வுக் கணக்கும்

மழைக்காலம் ஓய்ந்த தை, மாசி இரவுகளிற் கோணேசர் மலைமீது நின்று தெற்கே கொட்டியாரக் குடாவை நோக்குவார்க்கு, மூதூர்க் கரைக்கு மேலே, தொடுவானத்தினின்றும் ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் மங்கிய வெண்முகிலொன்று தோன்றும். காற்று வீசினும் அது கலைவதில்லை. பெரிய மகெல்லன் முகில் எனப்படும் அஃது, ஏறத்தாழ 160,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு சிறிய விண்மீன் மண்டலம். இலண்டனிலிருப்பார் என்றும் காணவியலாத இக்காட்சி, வடக்கு 8½ பாகை அகலக்கோட்டில் வாழும் நமக்கு எளிதில் வாய்த்தது.

நம் பால்வீதியோ ஏறத்தாழ 100,000 ஒளியாண்டுக் குறுக்களவுள்ள தட்டு. வானின் குறுக்கே ஓடும் ஒளிப்பட்டையாக அது தோன்றுதற்குக் காரணம், அத்தட்டினுள்ளே நாம் இருத்தலாம். சுழலும் வளிமுகில் ஈர்ப்பினாற் சுருங்குங்கால் சுழற்சி வேகம் மிகும். அச்சுக்குக் குறுக்கே நிகழும் சுருக்கத்தை அச்சுழற்சி தடுக்கும். அச்சின் வழியே அத்தகு தடையின்மையால் முகில் தட்டாகும். இவ்வாறு ஒரே வீழ்ச்சியில், மிகக் குறுகிய காலத்திற் பால்வீதி உருவாயிற்றென 1962இல் எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் ஆகிய மூவரும் எழுதினர். அழகிய கொள்கை; ஆயின் முழுவுண்மையன்று.

இதற்குப் பத்தொன்பது ஆண்டுகட்கு முன்னரே, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவின் யேர்க்ஸ் வானோக்ககத்திலிருந்து வேறொரு கணக்கை வெளியிட்டிருந்தார். 1943இல் வந்த அக்கட்டுரைகள் விண்மீன்களையும் விண்மீன் கொத்துக்களையும் பற்றியன, மண்டலங்களைப் பற்றியனவல்ல. விண்மீன்களினூடே செல்லும் கனத்த பொருள் அவற்றைத் தன்பால் இழுக்கும். அவை வந்து சேர்வதற்குள் பொருள் முன்னே சென்றுவிடும். ஆகவே, கப்பலின் பின்னே நீர்த்தடம்போல, அதன் பின்னே விண்மீன் நெரிசலொன்று உண்டாகி அதனைப் பின்னோக்கி ஈர்க்கும். வேகம் குறையும். பொருள் கனக்கக் கனக்க இத்தடையும் மிகும். இதுவே இயக்கவுராய்வு. நம் மாணவர் சந்திரசேகரை 1.4 ஞாயிற்று நிறையென்னும் எல்லையோடும் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசோடும் நிறுத்திவிடுகின்றனர். இக்கணக்கு அவ்வெல்லைக்கு இளைத்ததன்று.

எவ்வாறெனின், பெருமண்டலத்தைச் சுற்றிவரும் சிறுமண்டலம் இவ்வுராய்வினால் ஆற்றலிழந்து உள்ளே அமிழும். பால்வீதியின் புறப்பகுதி பல துண்டங்கள் சேர்ந்து வளர்ந்ததென 1978இல் சேர்லும் சின்னும் கருதினர். 1994இல் தனு இராசித் திசையிற் சிதைந்துகொண்டிருக்கும் சிறுமண்டலமொன்று கண்டறியப்பட்டது. கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் இயக்கத்திலிருந்து, ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளின் முன் மற்றொரு மண்டலம் நம் பால்வீதியிற் கலந்தமை 2018இல் வெளிப்பட்டது. தட்டின் தடித்த பகுதி அம்மோதலினாற் கலங்கிப் பருத்ததெனக் கருதப்படுகின்றது.

கொட்டியாரத்தின் மேல் தோன்றும் அம்முகிலுக்கும் இதுவே வழி. 2019இல் வெளியான கணிப்பொன்றின்படி, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளில் அது பால்வீதியோடு கலந்துவிடும்.