ஓசோனும் ஓய்வூதியமும்

2025 மே மாதம். கத்திரி தொடங்கி மூன்றாம் நாள் இரவு எங்கள் படுக்கையறை ஏ.சி. வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. சத்தம் உண்டு, குளிர் இல்லை. என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. புழுக்கம் கூடினால் படுக்க முடியாது, கட்டிலில் உட்கார்ந்தே விடிய வைப்பாள். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. காலை ஏழு மணிக்கே மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

வந்த பையன் அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கேஸ் போயிடுச்சு சார். இது பழைய ஆர்-22. கவர்மெண்டே பேன் பண்ணிட்டாங்க. இனிமே வராது. புதுசு போட்டுடுங்க."

"எந்தத் தேதியில் பேன் பண்ணினாங்க தம்பி?" என்று கேட்டேன். முப்பத்தேழு வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் வேறு என்ன கேட்பான்? அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எல்லாரும் சொல்றாங்க சார்" என்றான்.

"எல்லாரும் சொல்கிறார்கள்" என்பதை வைத்து எந்த அலுவலகத்திலும் பணம் பட்டுவாடா ஆகாது. அவனை அனுப்பிவிட்டு, இந்த வாயுவின் கதையைத் தேடி எடுத்துப் படித்தேன். என்னைப்போல ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் நண்பர்கள் பலர் வீட்டிலும் இதே வயதுள்ள ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சிறு வயதில் நான் அறிந்த குளிர்ச்சி ஐஸ் ஃபாக்டரியின் குளிர்ச்சிதான். வைக்கோலும் மரத்தூளும் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம் மீன் ஏற்றுபவர்களுக்குப் போகும். அந்த வாசலைக் கடந்தால் அம்மோனியா நெடி மூக்கை எரிக்கும். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் அந்த நெடிக்கும் ஒரு பெருமை கண்டுபிடித்தார். அம்மோனியாவைக் கொண்டு ஐஸ் செய்யும் இயந்திரத்தை 1859-இல் காப்புரிமை செய்தவர் ஃபெர்தினான் கர்ரே என்ற பிரெஞ்சுக்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

அதே ஆசிரியர் குளிர்ப்பெட்டியை "ஃப்ரிஜிதேர்" என்பார். பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் எந்தக் கம்பெனிப் பெட்டி இருந்தாலும் அது ஃப்ரிஜிதேர்தான். அது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ஃப்ரிஜிடேர் கம்பெனி அது. ஏ.சி. வாயுவின் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1920-களில் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு இவற்றில் ஒன்று இருக்கும். எல்லாமே விஷம். கசிந்து ஆட்கள் இறந்ததும் உண்டு. எரியாத, நாறாத, விஷமில்லாத வாயு வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கேட்க, தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளரின் குழு 1928-இல் சி.எஃப்.சி. வாயுவைக் கண்டது. 1930-இல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சாக இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். பார், விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று. "ஃப்ரியான்" என்ற பெயரில் அது உலகமெங்கும் போயிற்று. ஃப்ரிட்ஜுக்கு ஆர்-12, அறை ஏ.சி.க்கு அதன் தம்பி ஆர்-22 என்பது வழக்கமாயிற்று.

மிட்ஜ்லி பொய் சொல்லவில்லை. தரையில் அந்த வாயு சாதுதான். கெடுதல் செய்தது மேலே போய். 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வாயு கீழே சிதையாமல் மேல் வளிமண்டலம் வரை ஏறி, அங்கே சூரிய ஒளியில் உடைந்து குளோரினை விடும், அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோனதை அளந்து சொன்ன பிறகு பேச்சு மாறியது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் பிரெஞ்சுத் தலைப்பைப் படித்தபோது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். தமிழில் "ஓசோனைச் சிதைக்கும் பொருள்கள்" என்கிறோம். பிரெஞ்சில் "அப்போவ்ரீர்" என்ற வினையைப் போட்டிருக்கிறார்கள். ஏழையாக்குதல் என்று பொருள். ஓசோன் படலத்தை ஏழையாக்கும் பொருள்கள்! சரி, ஓசோனை ஏழையாக்காமல் இருக்கச் செலவு செய்யப்போவது யார், அதனால் ஏழையாகப்போவது யார்? இந்தக் கேள்வியை நம் நாடும் கேட்டது.

வானத்தைக் கெடுத்தது பணக்கார நாடுகள், மாற்று இயந்திரத்துக்கு நாங்கள் ஏன் காசு தரவேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் முதலில் சேராமல் நின்றன. 1990-இல் லண்டனில் கூடியபோது நம் சார்பில் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி போயிருந்தார். வளரும் நாடுகள் மாறுவதற்கு உதவ ஒரு பொது நிதி அங்கே முடிவாயிற்று. கால அவகாசமும் கூடுதலாகக் கிடைத்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. பின்னாளில் நம் ஏ.சி. கம்பெனிகள் சிலவற்றுக்குத் தொழிற்சாலையை மாற்ற அந்த நிதியிலிருந்து உதவி வந்தது. லண்டனில் அன்று வாதாடியிருக்காவிட்டால் அந்தச் செலவும் நம் பில்லில்தான் ஏறியிருக்கும்.

2000 ஜூலையில் மத்திய அரசு இதற்கான விதிகளை அரசிதழில் வெளியிட்டது. அப்போது என் மேசைக்கு அரசிதழ்கள் வரும். வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, வரிசையாகக் கட்டிவைப்பது என் வேலை. இதையும் நான்தான் கட்டியிருப்பேன். ஒரு வரி படித்திருக்க மாட்டேன். பத்து வருஷம் கழித்து, 2010-இல் ஓய்வு பெற்ற பணத்தில் ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினேன். ஆர்-22!

தேதிவாரியாகச் சொல்கிறேன். ஆர்-12 முதலிய சி.எஃப்.சி.க்களின் உற்பத்தி இந்தியாவில் 2008-இல் நின்றது. ஆஸ்துமா மருந்துக் குழல்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆர்-22 ஓசோனுக்குச் செய்யும் கெடுதல் ஆர்-12 செய்வதில் இருபதில் ஒரு பங்குதான். அதனால் அதற்குத் தவணை நீளம். நம்போன்ற நாடுகளுக்கு 2013-இல் அளவு முடக்கம், 2015-இல் 10 சதவீதம் குறைப்பு, 2020-இல் 35, 2025-இல் 67.5, 2030-இல் ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தம். அதன் பிறகும் பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கென்று மட்டும் 2040 வரை சிறு அளவு உண்டு. 2025 ஜனவரி 1 முதல் ஆர்-22 போட்டுப் புதிய ஏ.சி. தயாரிக்கத் தடை.

ஆக, தடை தயாரிப்புக்குத்தான். வீட்டில் ஓடுகிற பழைய ஏ.சி.க்கு அந்தக் கேஸை நிரப்பத் தடை இல்லை. வரத்து குறைவதால் விலை ஏறும், அவ்வளவுதான். பிரான்சில் இருக்கும் என் தம்பி மகனிடம் சொன்னபோது சிரித்தான். ஐரோப்பாவில் 2010 முதல் புது ஆர்-22 நிரப்பக் கூடாது, 2015 முதல் சுத்திகரித்த பழைய வாயுவைக்கூட நிரப்பக் கூடாது. மெக்கானிக் பையன் சொன்னது அங்கே உண்மை. இங்கே பாதி உண்மை.

மறுநாள் எங்கள் அலுவலக ஏ.சி.க்களை முன்பு பராமரித்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். உள்ளே கூலிங் காயிலில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. "உப்புக்காத்து சார். கடலுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகிட்டு பதினஞ்சு வருஷம் ஓட்டினதே பெரிசு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை கேஸ் போட்டீங்க?"

நான் ரசீதுகளைக் கிழிப்பவன் அல்ல. எடுத்தேன். 2013-இல் 1,800 ரூபாய், 2018-இல் 2,500, 2022-இல் 3,000. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். ஏ.சி.யில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாதாம். மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவதுதானாம். குறைகிறது என்றால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் மூன்று முறை 7,300 ரூபாய் கொடுத்து வானத்துக்கு விட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "தேதியெல்லாம் கேட்டீங்களே, ஓட்டை இருக்கான்னு கேட்கலையே" என்றாள். பதில் இல்லை.

"இதிலேயே புது கேஸைப் போட முடியாதா?" என்று கேட்டேன். முடியாது என்றார். புதிய ஏ.சி.க்களில் வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் அழுத்தம் ஆர்-22-ஐவிட வெகு அதிகம். கம்ப்ரசர் எண்ணெயும் வேறு. ஓரளவு தீப்பிடிக்கவும் கூடியது. பழைய கம்ப்ரசரும் குழாயும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சிலர் மலிவாக முடித்துத் தருகிறேன் என்று பழைய ஏ.சி.யில் ஆர்-290 ஏற்றுகிறார்களாம். அது புரொப்பேன்; நம் அடுப்பு சிலிண்டரில் இருப்பதன் சொந்தக்காரன். அதற்கென்றே வடிவமைத்த ஏ.சி.யில் அது நல்ல வாயு. மற்றதில் ஏற்றினால் படுக்கையறையில் சிலிண்டரைத் திறந்து வைத்த கதை. யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. பழையதைச் சரிசெய்யக் காயில் 9,500, கேஸ் 4,000, கூலி 1,500, ஆக 15,000 ரூபாய். பதினைந்து வயது இயந்திரத்துக்கு அது தகாது என்று புதியதே வாங்கினோம். ஏ.சி. 38,400. புதிய செம்புக் குழாய் 4,200. பொருத்துகூலி 1,500. வெளியே மாட்டும் ஸ்டாண்ட் 900. மொத்தம் 45,000. பழையதற்கு 3,000 கழித்து 42,000 கொடுத்தேன்.

இதில் வாயுச் சட்டத்தின் பங்கு எவ்வளவு? இயந்திரத்தின் விலைக்குள் புதைந்திருப்பதைப் பில்லில் பிரிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவது குழாய்ச் செலவு. சுவருக்குள் இருந்த பழைய குழாயில் பழைய எண்ணெய் படிந்திருக்கும், புது அழுத்தத்துக்கும் அது தாங்காது என்பதால் மாற்றினார்கள். உள்ளே இருக்கும் ஆர்-32 ஒரு கிலோகூட இல்லை. ஆனால் அந்த 38,400-இல் 28 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 8,400! குழாயைப்போல இரண்டு மடங்கு. வாயுவைப் பேன் பண்ணினார்கள் என்று புலம்பிய பையன் இந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. நாலு மாதம் பொறுத்திருந்தால் எனக்கு 3,000 ரூபாய் மிச்சம். ஆனால் கத்திரியில் மனைவியை உட்கார்ந்தே தூங்கச் சொல்லி மூவாயிரம் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வந்திருக்காது.

பழையதைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெரியவர் சின்ன இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த வாயுவைச் சிலிண்டரில் பிடித்துத் தராசில் வைத்தார். 600 கிராம். வேறொரு வீட்டுப் பழைய ஏ.சி.க்கு ஆகும் என்றார். மூன்று முறை விட்டதற்கு ஒரு சிறு பிராயச்சித்தம்.

இப்போது வாங்கிய வாயுவுக்கும் ஜாதகம் எழுதியாகிவிட்டது. ஆர்-32 ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்கும். கரியமில வாயுவைப்போல 675 மடங்கு. ஆர்-22-க்கு அது 1,810. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இவ்வகை வாயுக்கள் நமக்கு 2028-இல் முடக்கம், 2032 முதல் படிப்படியாகக் குறைப்பு, 2047-இல் 85 சதவீதக் குறைப்பு. பயப்பட வேண்டாம். இப்போது வாங்கும் இயந்திரம் தன் ஆயுளை ஓட்டி முடிக்க அவகாசம் இருக்கிறது.

நண்பர்களுக்கு மூன்று யோசனைகள். "கவர்மெண்ட் பேன்" என்று கேட்டதும் பர்ஸைத் திறக்காதீர்கள்; கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் எட்டு வயதுக்குள் இருந்து ஓட்டை சிறியதானால் அடைத்துவிட்டு ஓட்டுங்கள். பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். விலை விசாரிக்கும்போது குழாய், ஸ்டாண்ட், கூலி எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

புது ஏ.சி. வந்த பிறகு கோடை மாத மின் கட்டணத்தில் நூறு யூனிட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. ஓசோன் படலமும் தேறிவருகிறதாம். உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில் பழைய நிலைக்கு வரும், அண்டார்க்டிகாவுக்கு மேல் 2066 வரை ஆகும் என்று ஐ.நா. நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். அப்போது என் பேத்திக்கு ஐம்பது வயதாகும். தாத்தா குழாய்க்குக் கொடுத்த 4,200 ரூபாய் ரசீதை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.