விடிய விடியப் படம்: மலையகத் தோட்டங்களின் பண்டிகை இரவுகள்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், தீபாவளி, பொங்கல், சிவராத்திரி, மாரியம்மன் திருவிழா போன்ற நாட்களில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள் பணம் சேர்த்துத் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, இரவு தொடங்கி விடியும்வரை மூன்று, நான்கு தமிழ்ப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த வழக்கம் இது. பேச்சில் 'டெக் போடுறது' அல்லது 'படம் போடுறது' என்பார்கள். 1980களில் பரவியது, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தபின் மெல்லக் குறைந்தது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை வட்டாரங்களில் இன்று நடுவயதைத் தொட்டவர்களின் பண்டிகை நினைவுகளில் புதுத்துணிக்கும் பலகாரத்துக்கும் பக்கத்திலேயே இந்த இரவுகளும் இருக்கின்றன.

மலையகத் தமிழரைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் துயரத்தின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. கங்காணி முறை, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாட்கூலிப் போராட்டங்கள் எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் அந்த மக்கள் எப்படிச் சிரித்தார்கள், எதைக் கண்டு கைதட்டினார்கள், விடுமுறை கிடைத்த ஒரே ஒரு இரவை எப்படிச் செலவழித்தார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. அந்தப் பகுதி மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது.

டெக்குக்கு முன்

கண்விழித்துக் கூட்டமாகப் பார்ப்பது தோட்டங்களுக்குப் புதிதல்ல. மாசி மாதக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். காமன் கூத்தில் ரதியும் மதனும் ஊர்வலமாக வந்து, சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கும் கட்டம் வரும்வரை தப்புப் பறை ஓயாது, பார்ப்பவரும் உறங்குவதில்லை. கதை எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்த கதையை ஊரோடு உட்கார்ந்து மறுபடி பார்ப்பதில்தான் சுவை இருந்தது. டெக் இரவுகள் இந்தப் பழக்கத்தின் மேல்தான் வந்து அமர்ந்தன. தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சிவராத்திரிக்கு விடிய விடியப் பக்திப் படங்களை ஓட்டியதும் இதே மரபின் இன்னொரு கிளை.

சினிமா தோட்டத்துக்குள் முதலில் வந்தது காது வழியாக. கோயில் திருவிழாவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் படப் பாட்டும் வசனத் தட்டும் மலை முழுக்கக் கேட்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கே. எஸ். ராஜாவின் 'திரைவிருந்து' போன்ற நிகழ்ச்சிகள், படத்தைப் பார்க்காதவரையும் பார்த்தவர் போலப் பேச வைத்தன. படம் பார்க்க வேண்டுமானால் டவுனுக்கு இறங்க வேண்டும். பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) அதிகாலையில் எழ வேண்டியவர்களுக்கு இரவுக் காட்சி முடிந்து மலைப்பாதையில் திரும்புவது சிரமம். பெண்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது ஏறக்குறைய இயலாத காரியம்.

அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972இல் செயற்படத் தொடங்கி, படங்களின் இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின் இந்தியத் தமிழ்ப் படங்களின் வரத்து குறைந்தது. தோட்ட வாழ்வைச் சொன்ன உள்நாட்டுத் தமிழ்ப் படங்களோ மிகச் சில. இலங்கையில் தயாரான முதல் 35 மி.மீ. தமிழ்ப் படமான 'தோட்டக்காரி' (1963) தோட்டத்தைக் களமாகக் கொண்டது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) தொழிலாளரின் கதை. இவற்றுக்கு மலையகத்தில் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஓர் இரவை நிரப்ப நான்கு படமாவது வேண்டும். அவை கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது.

இருட்டில் இருந்த லயங்கள்

1977க்குப் பிந்தைய திறந்த பொருளாதாரம் வெளிநாட்டு மின்பொருட்களைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. மலையக டவுன்களில் வீடியோ கடைகள் முளைத்தன. கேசட் மட்டுமல்ல, டெக், டிவி, தேவைப்பட்டால் ஜெனரேட்டர் என்று ஒரு முழு 'செட்'டையும் நாள் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஜெனரேட்டர் தேவைப்பட்டதற்குக் காரணம், பல தோட்டங்களின் லயங்களில் அப்போது மின்சாரம் இல்லாததே.

இதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்றான லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது ஹட்டனுக்கு அப்பால் இதே மலைகளில்தான். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகளே நீருக்குள் போயின. மின்கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கிப் போக, கீழே குப்பிவிளக்கு எரிந்தது. ஆகவே ஒரு தீபாவளி இரவில் லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) ஜெனரேட்டர் உறுமி, கறுப்புவெள்ளைப் பெட்டியில் ஒளி வந்தபோது, பல குழந்தைகள் தம் வாசலில் முதன்முதலாகப் பார்த்த மின்வெளிச்சம் அதுவே. ஜெனரேட்டருக்கு வழியில்லாத இடங்களில் கார் பெட்டரியில் சிறிய டிவியை ஓட்டினார்கள்.

1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் தமிழர்கள் இரவில் டவுனிலிருந்து திரும்புவது முன்போல் அச்சமற்றதாக இல்லை. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோவும் அந்த நாட்களில் எரிக்கப்பட்டது. திரையரங்குக்குப் போவதைவிடத் திரையை லயத்துக்கு வரவழைப்பது பலருக்கும் நிம்மதியாக இருந்தது.

டெக்காரரும் பனியும்

பணம் சேர்ப்பது இளைஞர்களின் வேலை. தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். சில இடங்களில் ஒரு வீட்டில் டெக் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள்? குழந்தைகள் முன்னால் தரையில், பெண்கள் சுவரோரம், ஆண்கள் இஸ்தோப்பிலும் யன்னலிலும். ஐப்பசி மழை இல்லாத வருடமானால் பிள்ளைமடுவத்தின் (குழந்தைகள் காப்பகத்தின்) முன்னாலோ கோயில் முற்றத்திலோ தறப்பாள் கட்டி நடக்கும்.

செட்டோடு கடையிலிருந்து வருபவர் டெக்காரர். அந்த ஒரு இரவுக்கு அவரே ஊரின் முக்கியஸ்தர். சுடுதண்ணீர், தேத்தண்ணீர், முறுக்கு எல்லாம் முதலில் அவருக்கே போகும். அவருடைய தொழில் நுணுக்கம் மலைநாட்டுக் குளிரில்தான் சோதிக்கப்பட்டது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியில் சுமந்துவந்த டெக்கை, ஆட்கள் நிறைந்து சூடேறிய காம்பராவுக்குள் வைத்தவுடன் உள்ளேயுள்ள உருளைத் தலையில் ஈரம் படியும். ஈரத்தை உணர்ந்தால் நாடா ஒட்டிக்கொள்ளாதிருக்க இயந்திரம் தானே ஓட மறுத்துவிடும். அதற்கான உணரி பல டெக்குகளில் இருந்தது. அனுபவமுள்ளவர் அவசரப்பட மாட்டார். மூடியைத் திறந்து வைத்து, இயந்திரம் அறைச்சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பார். கூட்டம் பொறுமையிழந்து கூச்சல் போட்டாலும் கை வைக்க விடமாட்டார். நடுவில் படம் புள்ளியடிக்கத் தொடங்கினால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தலையைத் துடைத்து, டிராக்கிங் குமிழைத் திருகிக் கோடுகளைக் கீழே இறக்குவார்.

வழக்கமான ஒரு விஎச்எஸ் கேசட் 180 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் அதில் சரியாக அடங்கும். மிச்ச இடத்தில் வேறு படத்துப் பாட்டுகள் இருக்கும். கேசட் மாற்றும் அந்த இடைவெளியில்தான் தேத்தண்ணீர், வெற்றிலை, தூங்கிவிட்ட பிள்ளைகளைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தல் எல்லாம்.

நள்ளிரவுக்குப் பின் வரும் படங்கள்

வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் சாமி படம், பெரியவர்களுக்காக. அடுத்து எம்ஜிஆர் அல்லது சிவாஜி. பிறகு ரஜினியோ கமலோ. எல்லாரும் கண் சொக்கும் நள்ளிரவுக்குப் பிறகு வருவது மாயாஜாலமும் பேயும் துப்பாக்கிச் சண்டையும் உள்ள, குறைந்த செலவில் எடுத்த படம். தூக்கத்தை விரட்டும் வேலை அதற்குத்தான்.

இந்த வகையில் முதலிடம் இயக்குநர் பி. விட்டலாச்சார்யாவுக்கு (1920-1999). தெலுங்கில் எடுத்துத் தமிழுக்கு மாற்றப்பட்ட அவரது 'ஜகன்மோகினி' (1978), தமிழ்ப் பேய்ப் படங்களில் அதிகம் நினைவுகூரப்படும் ஒன்று. பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும் காட்சியைப் பார்த்த குழந்தை அதை வாழ்நாளில் மறப்பதில்லை. விறகு வெட்டிச் சுமந்துவந்து அடுப்பெரிக்கும் லயத்துப் பெண்களிடம் அது எழுப்பிய சிரிப்பும் திகிலும் நகரத்துப் பார்வையாளருக்குக் கிடைத்திருக்காது. சம்பளத்துக்கு முரண்டு பிடிக்கும் நடிகரின் பாத்திரத்தை விட்டலாச்சார்யா மந்திரவாதியின் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிடுவார் என்று திரையுலகில் ஒரு கதை உலவுகிறது.

அடுத்தது நடிகர் ஜெய்சங்கர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்றவை தமிழின் துப்பறியும் வரிசை. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகியவை குதிரையும் தொப்பியும் துப்பாக்கியுமான தமிழ்க் கௌபாய்ப் படங்கள். 1990இல் வந்த இயக்குநர் இராம நாராயணனின் 'துர்கா', 'ஆடி வெள்ளி' போன்ற படங்களில் விலங்குகளும் அம்மனும் சேர்ந்து வில்லனை வதைத்தனர். அவை குழந்தைகளைக் கடைசிக் கேசட்டுவரை விழித்திருக்க வைத்தன.

விமர்சகர்கள் இப்படங்களைப் பொருட்படுத்தியதில்லை. ஆயினும் கூட்டமாகப் பார்ப்பதற்கு இவையே மிகப் பொருத்தமானவை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. நேர்த்தியாக எடுத்த படம் பார்ப்பவரை வாய்மூட வைக்கும். தளர்வாக எடுத்த படம் பேச இடம் தரும். பறக்கும் மந்திரவாதியின் கம்பி தெரிந்தால் ஒருவர் சொல்வார். கதாநாயகனுக்குப் பின்னால் அடியாள் வந்தால் 'டேய், பின்னால பாருடா!' என்று பத்துக் குரல் எழும். ஏற்கெனவே பார்த்த அண்ணன் ஒருவர் அடுத்து வருவதை முந்திச் சொல்லி அடிவாங்குவார். கூத்துக் கோமாளியின் இடத்தை இங்கே பார்வையாளரே எடுத்துக்கொண்டார்கள்.

கடல் கடந்த ஒப்புமை

மலிவுப் படத்தைப் பேசிக்கொண்டே பார்ப்பது மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே கட்டணத்தில் இரண்டு படம் காட்டியபோது துணைக்கு ஓட்டிய மலிவுப் படமே 'பி' படம். பின்னாளில் அவற்றைத் தொலைக்காட்சியில் ஒருவர் அறிமுகம் செய்து, கேலி பேசிக் காட்டும் வழக்கம் வந்தது. ஜோயல் ஹாட்ஜ்சன் தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' நிகழ்ச்சி 1988 நவம்பர் 24 அன்று, நன்றி நவிலல் நாளில், மினியாபொலிஸ் உள்ளூர் அலைவரிசையில் பிறந்தது. 1991இலிருந்து அதே பண்டிகைக்கு நாள் முழுக்கத் தொடர் ஒளிபரப்பு நடந்தது. இடையில் நின்றிருந்த அந்தத் தொடர் ஒளிபரப்பை 2013இல் ஹாட்ஜ்சனே இணையத்தில் மீட்டெடுத்தார். 2018இல் தொகுப்பாளர் ஜோ பாப் பிரிக்ஸ் 24 மணிநேரத் திகில் படத் தொடரை ஷட்டர் என்ற இணையத் திரைத் தளத்தில் நடத்தியபோது, நெரிசல் தாங்காமல் தளமே திணறியது. பண்டிகை நாள், பழைய மலிவுப் படம், கூடவே பேசும் குரல் ஆகிய மூன்றும் ஹட்டன் லயத்திலும் மினியாபொலிஸிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒன்றுசேர்ந்தன. ஒன்றையொன்று அறியாமலே நடந்தது இது. அங்கே கூடவே பேசுவதற்குச் சம்பளம் வாங்கிய நடிகர்கள் இருந்தார்கள். இங்கே அந்த வேலையை ஊரே செய்தது.

பிந்திய நிலை

லயங்களுக்கு மின்சாரம் பரவியதும், 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கிப் பண்டிகைச் சிறப்புப் படங்களை வீட்டுக்கே கொண்டுவந்ததும், சிடியும் டிஷ்ஷும் மலிந்ததும் வாடகை செட்டுகளின் தேவையைப் போக்கின. வீடியோ கடைகள் தொலைபேசிக் கடைகளாயின. 'ஜகன்மோகினி'யே 2009இல் நமீதா நடிக்கத் தமிழில் மறுபடி எடுக்கப்பட்டது.

தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற நூல்கள் படம் எடுத்தவர்களைப் பதிவு செய்திருக்கின்றன. படம் போட்டவர்களையும் பார்த்தவர்களையும் பதிவுசெய்யும் வேலை மீதமிருக்கிறது. டெக்காரர்களாக இருந்தவர்களில் பலர் இன்னும் இதே டவுன்களில் வாழ்கிறார்கள். எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பண்டிகைக்கு எந்தக் கேசட் போனது, எந்தப் படத்தை எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு) இரண்டாம் தடவை கேட்டது என்பதை அவர்களால் சொல்ல முடியும். இப்போது அந்தப் பழைய படங்களில் பல யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு லீவு கிடைக்காதபோது, அதே விட்டலாச்சார்யா படத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, லயத்தில் இருப்பவர்களோடு ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் குரல் செய்தியில் பேசிக்கொள்ள இன்று ஒரு கைபேசி போதும்.