பத்மநாபபுரம் அரண்மனையும் பசுமைக் கட்டடமும்

பசுமைக் கட்டடம் என்ற சொல் நம் நாட்டில் பரவலானது 2000-க்குப் பிறகுதான். 2001-ல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் தொடங்கப்பட்டது. 2003-ல் ஹைதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், இந்தியாவிலேயே முதலாவதாக அமெரிக்காவின் லீட் பிளாட்டினம் தரச்சான்றைப் பெற்றது. மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகிறதா, உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் கிடைக்கிறதா என்பவையே இதில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. இதே கணக்கைக் குமரி மாவட்டத்துத் தச்சர்கள் எந்தச் சான்றிதழும் இல்லாமல் எப்போதோ போட்டுவிட்டார்கள்.

தக்கலைக்கு அருகில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. இதன் பழைய பகுதிகள் கி.பி. 1601 வாக்கில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும் வரை திருவிதாங்கூரை ஆண்டது இங்கிருந்துதான். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரள அரசிடமே இருக்கிறது. அது தனிக்கதை!

குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையில் புழுக்கம். எனவே வெயிலைத் தடுக்க வேண்டும், மழை உள்ளே வரக்கூடாது, காற்று மட்டும் வரவேண்டும். இதற்காகவே கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீள்கிறது. சுவரில் வெயில் நேரடியாகப் படுவது குறைவு. சூடான காற்று மேலே எழுந்து, ஓடுகளின் இடுக்கு வழியாகவும் கூரையின் முக்கோண முகப்பில் உள்ள மரச் சல்லடை வழியாகவும் வெளியேறிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். நாலுகெட்டு அமைப்பான தாய்க் கொட்டாரத்தில் நடுமுற்றமும் இதே வேலையைச் செய்கிறது.

மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையைப் பாருங்கள். சாய்வான மரச்சட்டங்கள் வழியாகக் காற்று வரும், கண்ணைக் கூசும் வெளிச்சம் வராது. ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள். நண்பகலிலும் உள்ளே குளுமைதான். மின்விசிறி கண்டுபிடிக்கப்படாத காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்காக எல்லோரும் அரண்மனை மாதிரி வீடு கட்ட முடியுமா? முடியாது. அவ்வளவு மரத்திற்குக் காடு வேண்டும், கஜானாவும் வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தை அல்ல, நிழலும் காற்றோட்டமும் பற்றிய அறிவைத்தான். ஆனால் நடப்பதோ நேர்மாறு. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தட்டையான கான்கிரீட் கூரை போடுகிறோம். அது பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. பிறகு ஏ.சி. வாங்கி, ஜன்னலை மூடிவிடுகிறோம். காற்றோட்டமில்லாத புதுக் கட்டடங்களில் இருப்பவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு வருவதை உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே சுட்டிக்காட்டியிருக்கிறது. வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், கட்டும் செலவை மட்டும் எழுதி, முப்பது வருட மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காத பேரேடு இது.

இந்த அறிவைச் சாதாரண மக்களின் பட்ஜெட்டுக்குக் கொண்டுவந்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, சுவருக்குள் வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை இங்கே பரவலாக்கினார். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல் சல்லடைச் சுவர்களையே வைத்தார். மந்திரசாலையின் மரச்சட்டம் செய்த வேலையை இங்கே செங்கல் செய்கிறது.

அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் திருவனந்தபுரத்தில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். வீடு கட்டப் போகிறவர்கள் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு, போகும் வழியில் தக்கலையில் இறங்கி அரண்மனையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.