நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இந்திய விடுதலைப் போராட்டமும்

முன்னுரை

இந்திய விடுதலை வரலாறு பெரும்பாலும் தண்டி, சம்பாரண், செங்கோட்டை ஆகிய இடங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மலாயாவின் பங்கைக் கூற வருவோரும் சிங்கப்பூரோடும் கோலாலம்பூரோடும் நின்றுவிடுவர். ஆனால், இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு முடிவுக்கு வந்த செய்தி நேதாஜி சுபாஷ் சந்திர போசை எட்டியது நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானில்தான். இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த இந்நகரம் விடுதலைப் போராட்டத்தோடு எவ்வாறு பிணைந்தது? நாளும் பால்மரம் வெட்டிய தொழிலாளிக்குச் ‘சுதந்திரம்’ என்னும் சொல் எப்பொருளைத் தந்தது? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போருக்கு முந்திய தோட்ட வாழ்வு

லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, நீலாய், பகாவ் முதலிய இடங்களைச் சுற்றி எழுந்த தோட்டங்களில் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கங்காணி முறையில் வந்த மக்கள் குடியேறினர். துரை, கிராணி, கங்காணி என்ற படிநிலையின் அடித்தட்டில் தொழிலாளி இருந்தான். அவனது உலகம் பெரட்டுக் களத்தில் தொடங்கி லயத்தில் முடிந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. பள்ளி பெயரளவில் இருந்தது.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், தொழிலாளர் நிலையை ஆய்ந்து 1937-இல் அறிக்கை அளித்தார். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற நாட்கூலி அக்காலத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், 1938-இல் தோட்ட முதலாளிகள் அதனை 45 காசாகவும் 35 காசாகவும் குறைத்தனர். இதனை ஏற்காத இந்திய அரசு, உதவி பெற்றுக் குடிபெயரும் தொழிலாளர் வருகையை 1938 ஜூன் மாதத்தில் தடை செய்தது. ஐந்து காசுக் கூலிக்குறைப்பு இரு நாட்டு அரசுகளுக்கிடையிலான சிக்கலாக வளர்ந்ததைத் தோட்டத் தொழிலாளர் உணர்ந்தனர். தமக்குப் பின்னால் ஒரு நாடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது முதற்பாடம் எனலாம்.

1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கமும், 1937-இல் ஜவகர்லால் நேரு மேற்கொண்ட மலாயாப் பயணமும் அவ்வுணர்வை வளர்த்தன. அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் வெடித்த வேலைநிறுத்தம் இதன் உச்சம். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களின் பாதுகாப்பு ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். கூலியைக் கேட்டவர்கள் மானத்தையும் சேர்த்தே கேட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஜப்பானியர் ஆட்சியும் தோட்டங்களின் வீழ்ச்சியும்

1942 சனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியப் படை நெகிரி செம்பிலானைக் கடந்து தெற்கே சென்றது. சனவரி 14-ஆம் நாள் கிம்மாஸ் அருகே ஆஸ்திரேலியப் படையினர் நடத்திய தாக்குதல் அம்முன்னேற்றத்தைச் சற்றே தாமதப்படுத்தியது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது. வெல்ல முடியாதவர் என எண்ணப்பட்ட துரைமார்கள் தோட்டங்களைக் கைவிட்டுச் சென்றதைத் தொழிலாளர் தம் கண்களால் கண்டனர். ஆட்சியாளர் மீதிருந்த அச்சம் அன்றே பாதி அழிந்தது.

எனினும், அடுத்து வந்தது விடுதலையன்று. உலகச் சந்தையை இழந்த இரப்பர் விலைபோகவில்லை. வேலையும் அரிசியும் குறைந்தன, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. இதற்கிடையே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானோர் எண்ணிலர். ‘சயாம் மரண இரயில்’ என்னும் பெயர் தோட்ட மக்களின் நினைவில் ஆறாப் புண்ணாக நிலைத்தது.

இந்திய தேசிய இராணுவமும் தோட்ட மக்களும்

1942 ஜூன் மாதம் பாங்காக்கில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின், ராஷ் பிகாரி போஸ் தலைமையில் இந்திய சுதந்திரச் சங்கம் வலுப்பெற்றது. அவ்வாண்டு இறுதியில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் எழுந்த முரண்பாட்டால் முதல் இராணுவம் கலைந்தது. 1943 ஜூலை 4-ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றபின்தான் அவ்வியக்கம் தோட்டங்களின் உட்பகுதி வரை பரவியது. அக்டோபர் 21-இல் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அதுவரை இராணுவம் என்பது போர்க்கைதிகளான சிப்பாய்களின் அமைப்பாகவே இருந்தது. இப்போது பால்வாளியை வைத்துவிட்டு வந்த இளைஞரும் அதில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர். ‘யுவபாரதம்’, ‘சுதந்திர இந்தியா’ ஆகிய தமிழ் இதழ்கள் அரசியலைத் தமிழில் கொண்டுவந்தன. படைக் கட்டளைகள் இந்துஸ்தானியில் அமைந்திருந்தும், தமிழர் அவற்றைக் கற்று அணிவகுத்தனர். சிரம்பானில் இயங்கிய பயிற்சி முகாம், நெகிரி செம்பிலான் மக்கள் அவ்வியக்கத்தை நேரில் காண வாய்ப்பளித்தது.

பசியா, நாட்டுப்பற்றா?

தொழிலாளர் படையில் சேர்ந்தமைக்குப் பசியும் சயாம் இரயில் அச்சமுமே காரணங்கள் எனக் கூறுவோர் உளர். நாட்டுப்பற்று ஒன்றே காரணம் எனப் போற்றுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் தனித்தனியே நின்றால் முழு உண்மையைத் தரா. முகாமில் உணவு கிடைத்தது. படையில் சேர்ந்தவர் இரயில் பாதைக்கு அனுப்பப்படுவதிலிருந்து தப்பும் வாய்ப்பும் இருந்தது. இதனை மறைப்பது வரலாற்றுக்கு ஏற்றதன்று. நன்கொடை திரட்டியபோது வற்புறுத்தல்கள் நிகழ்ந்தன என்பதும் ஜப்பானியரின் ஆதரவில்தான் அவ்வியக்கம் இயங்கியது என்பதும் மறுக்கவியலாதன.

ஆயினும், உயிர் பிழைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருப்பின், 1945-இல் படை கலைந்தபோதே அவ்வுணர்வும் கலைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவன் சீருடை அணிந்து, சாதி பாராத பந்தியில் அமர்ந்து, ‘ஜெய் ஹிந்த்’ என வணங்கியும் வணங்கப்பட்டும் பழகினான். இம்மாற்றத்தைப் பசியால் மட்டும் விளக்கிவிட இயலாது. பசி அவனை முகாமின் வாயில் வரை கொண்டுவந்திருக்கலாம். உள்ளே அவன் பெற்றது தன்மதிப்பு என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

1945 ஆகஸ்டு: சிரம்பான்

இம்பால் போர்முனையின் தோல்விக்குப்பின், 1945-இல் பர்மாவும் கைநழுவியது. அவ்வாண்டு ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் நேதாஜி பயிற்சி முகாமின் காரியமாகச் சிரம்பானில் தங்கியிருந்தார். அவருடன் தற்காலிக அரசின் அமைச்சர் எஸ். ஏ. ஐயரும் இருந்தார். சோவியத் நாடு ஜப்பான் மீது போர் தொடுத்த செய்தி முதலில் வந்தது. அதனையடுத்து ஆகஸ்டு 12-ஆம் நாள் இரவு ஜப்பான் சரணடைய இசைந்த செய்தியும் வந்தது. மறுநாளே நேதாஜி சிங்கப்பூர் திரும்பினார். 16-ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்டார். 18-ஆம் நாள் தைப்பேயில் விமான விபத்து நேர்ந்தது.

செப்டம்பரில் பிரிட்டிஷ் கொடியோடு மலாயாக் கரையில் இறங்கிய படைகளுள் பெரும்பாலானவை இந்தியப் படைப்பிரிவுகளே. ஒரே நாட்டின் விடுதலைக்காக எழுந்தவர்களை அதே நாட்டு வீரர்கள் நிராயுதபாணிகளாக்க நேர்ந்தது. காலனியாட்சியின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை.

போருக்குப் பின்

முகாமிலிருந்து திரும்பியவர்கள் மீண்டும் அதே லயங்களுக்கே வந்தனர். ஆனால், பழைய பணிவு திரும்பவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கு தொடங்கியபோது மலாயா இந்தியர் அதனைத் தம் வழக்காகவே கருதினர். 1946 ஆகஸ்டில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவி, நேதாஜி இயக்கத்திலிருந்து வந்தவரே. நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் பி. பி. நாராயணன். பின்னர் அவர் 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரானார்.

வேறொரு பாதையும் இருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவரும் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவருமான எஸ். ஏ. கணபதி, 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியா விடுதலை பெற்று அப்போது இரண்டாண்டுகள்கூட நிறைவு பெறவில்லை. தாய்நாட்டின் விடுதலை புலம்பெயர்ந்த தொழிலாளியின் விடுதலையாகத் தானாக மாறிவிடவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

முடிவுரை

தோட்டத் தமிழர் தம்மில் பலர் பிறந்தே அறியாத ஒரு நாட்டின் விடுதலைக்காகப் படை திரண்டனர். அந்நாடு 1947-இல் விடுதலை பெற்றது. அவர்களோ தாம் வாழ்ந்த மண்ணில் கூலிக்காகவும் குடியுரிமைக்காகவும் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்துக்கு வேண்டிய துணிவையும் கூடிச் செயற்படும் பழக்கத்தையும் விடுதலை இயக்கமே தந்தது. இதுவே அவ்வியக்கம் மலாயாவில் விட்டுச்சென்ற உண்மையான பயன் ஆகும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. பால்வாளியை வைத்துவிட்டுச் சென்றவர்களின் பெயர்கள் குடும்ப நினைவுகளிலும் பழைய நிழற்படங்களிலும் மட்டுமே உள்ளன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு பாட்டன், பாட்டியரின் வரலாற்றை எழுதுவிக்கத் தொடங்கினால், இவ்வரலாற்றின் மறுபாதி கிடைக்கும். காலம் கடந்தபின் அதனை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட இயலாது.